குழாய்க்குச் சிவப்பு, சாலைக்கு வெள்ளை

சங்கரன்கோவிலில் ரயில்வே கேட்டைத் தாண்டிக் கிழக்கே வந்தால் முப்பிடாதிபுரம். தனிப் பேரூராட்சி, தனி ஆபீஸ், தனி பிரசிடெண்ட், தனிச் சண்டை. ஆனால் வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நாங்கள் சங்கரன்கோவில் என்றுதான் சொல்வோம். கோமதியம்மன் இருக்கிற ஊரை விட்டுவிட்டு, விசைத்தறிச் சத்தம் மட்டும் இருக்கிற ஊரின் பெயரைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? அந்த முப்பிடாதிபுரத்தில்தான் சங்கரசுப்பு சைக்கிள் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடையில் நான் பத்திரிகை ஏஜெண்ட். பேப்பர் போடுவது போக, பேரூராட்சிக் கூட்டத்துக்குப் போய் நாலு வரி எழுதி அனுப்புகிற பாதி நிருபர் வேலையும் எனக்கு இருந்தது. அதனால் நான் சொல்லப்போவதில் பெரும்பாலானவை நானே பக்கத்தில் நின்று பார்த்தவை.

சங்கரசுப்புவுக்குப் பொய் வராது. பஞ்சர் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவனிடம், "பஞ்சர் இல்ல வே, வால்டியூப்தான் போயிருக்கு" என்று சொல்லி, அதை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார். வெள்ளிக்கிழமை கடை திறப்பதற்கு முன்னால் முப்பிடாதியம்மன் கோவிலுக்குப் போவார். ஆடி மாதம் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் சங்கரன்கோவிலுக்குப் போய் ஆடிச்சுற்று சுற்றுவார். வெயிலில் கல் பாவிய பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளங்கால் கொப்புளித்து, ஒரு வாரம் கடையில் நொண்டிக்கொண்டே வேலை பார்ப்பார். நல்ல மனுஷன். அதை இப்போதும் சொல்வேன். ஆனால் நல்லவன் என்ற பெயரை ஒருவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். சங்கரசுப்புவிடம் அந்தப் பழக்கம் இருந்தது.

பல வருஷம் உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் கிடந்து, எண்பத்தாறில் நடந்தது. விசைத்தறித் தெருக்காரர்கள் ஒரு சாயங்காலம் மொத்தமாக வந்து கடை முன்னால் நின்றார்கள். "நீங்க மெம்பராப் போனா எங்க தண்ணி விசயம் நடந்துரும் அண்ணாச்சி. ஒங்களுக்குக் காசு திங்கவும் தெரியாது, பயப்படவும் தெரியாது" என்றார்கள். அவரும் அந்தத் தெருவில்தான் குடியிருந்தார். நின்றார், ஜெயித்தார். கழுத்து மாலையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல், தெருமுனைக் குழாயடியில் போய் நின்று, "இத மாத்தாம நான் ஓய மாட்டேன்" என்று சொன்னார். தெரு மொத்தமும் கேட்டது.

தண்ணி விசயம் என்பது இதுதான். தெருச் சாக்கடையை எங்கள் பக்கம் வாறுகால் என்போம். விசைத்தறித் தெருவுக்கு வருகிற மெயின் குழாய், தெருமுனையில் வாறுகாலுக்கு அடியில் புகுந்துதான் வருகிறது. குழாய் புதைத்தவர்கள் எல்லாம் செத்துப் போய்விட்டார்கள்; குழாய் மட்டும் கிடந்தது, அரித்துப் போய். தண்ணீர் திறந்திருக்கும்போது உள்ளே இருப்பது வெளியே கசியும். தண்ணீரை நிறுத்திவிட்டால் வாறுகாலில் ஓடுவது குழாய்க்குள் போய்ச் சேரும். எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். ஆகவே திறந்ததும் வருகிற முதல் குடத்தில் சாயப்பட்டறைத் தண்ணீரின் நிறமும் சாக்கடை நாற்றமும் இருக்கும். பெண்கள் அதை வாசலில் கொட்டிவிட்டு அடுத்த குடத்தைப் பிடிப்பார்கள். கோடையில் தண்ணீர் நூலாக வரும்போது அதைக் கொட்டவும் மனசு வராது.

முதல் கூட்டத்துக்கே சங்கரசுப்பு அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். பிரசிடெண்ட் அய்யாத்துரை அரிசி மில் முதலாளி. கெட்டவர் இல்லை, எதையும் சிரித்தே கடத்திவிடுகிற ஆள். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "என்ன வே இது, டீயா காப்பியா?" என்றார். மெம்பர்கள் சிரித்தார்கள்.

"குடிச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் சங்கரசுப்பு.

சிரிப்பு நின்றது. அந்த மாசமே ஓவர்சியர் வந்து அளந்து, வாறுகாலுக்கு மேலாகப் புதுக் குழாய் கொண்டுபோக எஸ்டிமேட் போட்டார். அன்று எனக்கு அந்த மனுஷன்மேல் உண்மையாகவே மரியாதை வந்தது.

மறுவருஷம் மார்ச்சில் பட்ஜெட் கூட்டம். செயல் அலுவலர் எழுந்து, இந்த வருஷம் பெரிய வேலை ஒன்றுக்குத்தான் பணம் வரும், இரண்டுக்கு வராது என்று கையை விரித்துவிட்டார். வரிசையில் இரண்டு வேலை நின்றது. ஒன்று குழாய். இன்னொன்று கீழரோடு. கோவில்பட்டியிலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் ஆடித்தபசுக்கு வருகிற ஸ்பெஷல் பஸ்ஸெல்லாம் அந்த ரோட்டில்தான் வரவேண்டும். முந்தின தபசுக்கு ஒரு பஸ் பள்ளத்தில் இறங்கி அச்சு முறிந்து, குழந்தை குட்டிகளோடு சனங்கள் கேட் வரைக்கும் நடந்தார்கள். மேலிடத்திலிருந்து பிரசிடெண்டுக்கு நல்ல டோஸ் விழுந்தது. ஆக, ரோடு கேட்டவர்களை அயோக்கியர்கள் என்று சொல்ல மாட்டேன். ரோடும் வேண்டியதுதான். ஆனால் பஸ்ஸில் வருகிறவன் குலுங்கினால் இடுப்பு வலிக்கும். அழுக்குத் தண்ணீர் குடிக்கிற பிள்ளைக்கு அப்படியா?

மெம்பர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பாதிப் பேர் ரோடு, பாதிப் பேர் குழாய். பிரசிடெண்ட் ஒரு பக்கம் கையைத் தூக்கியிருந்தால் முடிந்திருக்கும். தூக்கவில்லை. ரோட்டுப் பக்கம் கடைக்காரர்கள் ஓட்டு, குழாய்ப் பக்கம் தறிக்காரர்கள் ஓட்டு. எந்த ஓட்டை இழக்க? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கு நமக்குள்ள சண்ட? பூக்கட்டிப் பாத்துருவோம். அம்மன் சொல்லட்டும்" என்றார்.

எங்கள் பக்கம் பெண் எடுக்க, கிணறு தோண்ட, வீடு வாங்க, எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. வாழை இலையில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் போட்டுவிட்டு ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பூதான் அம்மன் வாக்கு. வீட்டோடு இருந்த இந்தப் பழக்கத்தைப் பேரூராட்சிக்குக் கொண்டுவந்தது அய்யாத்துரைதான். முதலில் ஒரு தெருவிளக்குச் சண்டைக்குச் செய்தார். சண்டை அமைதியாக முடிந்தது. அதிலிருந்து இழுபறி வந்தால் பூ. மினிட் புத்தகத்தில் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதிக்கொள்வார்கள். தெருவிளக்கு இந்த முனையிலா அந்த முனையிலா என்று அம்மனைக் கேட்டால் அவளும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று அவளைப் போய்க் கேட்பது என்ன நியாயம்?

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் சங்கரசுப்புவைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டுப் பக்கம் நின்ற ஒரு மெம்பரின் மனசு ஆடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவருடைய மாப்பிள்ளை வீடு விசைத்தறித் தெரு. சங்கரசுப்பு பூக்கட்ட முடியாது என்று சொல்லி இன்னொரு கூட்டத்துக்குத் தள்ளியிருந்தால் ஓட்டிலேயே ஜெயித்திருக்கலாம்.

"ஓவர்சியர் எழுதிக் குடுத்திருக்காரு, குழாய் உளுத்துப்போச்சுன்னு. அதுக்குமேல அம்மன்கிட்ட என்னத்த வே கேக்கணும்?" என்றேன்.

"அம்மன் பொய் சொல்லுவாளா? தெரு பூரா பச்சப்பிள்ளைக. அவளுக்குத் தெரியாதா?" என்றார்.

"வெள்ள வந்தா?"

"வராது."

அவருக்குச் சந்தேகமே இல்லை. அம்மனை நம்பாத ஆள் என்று யாரும் தன்னை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதும் அதற்குள் இருந்தது. ஒரு தெருவே அவரை நம்பி ஓட்டுப் போட்டிருக்க, அவர் தன் பெயரையும் கூடச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பூ வாங்க நானும் அவரோடு போனேன். கோவில் வாசலில் கூடை வைத்துப் பூ விற்றவள் பேச்சி. அவளும் விசைத்தறித் தெருதான். பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். ஒரே மகள் அன்னக்கிளி, மூணாம் வகுப்பு. அந்தப் பிள்ளைக்கு வருஷத்தில் பாதி நாள் வயிற்றுப்போக்கு. கை கால் குச்சியாக இருக்கும், கண் மட்டும் பெரிசு.

"பேச்சி, செவ்வரளி ஒண்ணு, வெள்ள அரளி ஒண்ணு. ரெண்டும் ஒரே அளவாப் பாத்துக் கட்டு. குழாய்க்குச் செவப்பு, ரோட்டுக்கு வெள்ள" என்றார் சங்கரசுப்பு.

பேச்சி பூவைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டு, குரலை இறக்கினாள். "அண்ணாச்சி, ரெண்டுலயும் செவப்பே வச்சிருதேன்."

"என்னட்டி சொல்லுத?"

"பிள்ள எடுக்கத மட்டுந்தான பிரிப்பாவ. இன்னொண்ண யாரு பிரிச்சுப் பாக்கா? நமக்கா கேக்கோம், தெருத் தண்ணிக்குத்தான கேக்கோம். பாவம்னா அது என்னைச் சேரட்டும். எம்பிள்ள இன்னொரு கோட தாங்க மாட்டா அண்ணாச்சி."

சங்கரசுப்புவின் முகம் சிவந்துவிட்டது. "அம்மன் வாசல்ல பொழைச்சுக்கிட்டு அவளையே ஏமாத்தச் சொல்லுதியா? நாக்கு அழுகிரும்டி. இன்னொரு தடவ இப்பிடிப் பேசுன, ஒங்கிட்ட பூ வாங்குததையே விட்டுருவேன்."

பேச்சி கூடையிலிருந்து பூவை எடுத்தாள். ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. இலையை மடித்து நாரைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு அங்கே நின்ற யாரைக் கேட்டிருந்தாலும் சங்கரசுப்பு பேசியதுதான் சரி என்றிருப்பார்கள்.

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் தட்டில் போட்டுக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். அவருடைய பேத்தியைக் கூப்பிட்டார். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை, கைக்குக் கிடைத்ததை எடுத்து நீட்டியது. பிரித்தார். வெள்ளை.

பிரசிடெண்ட் வெளியே தெரியாமல் மூச்சு விட்டார். பேச்சி வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். சங்கரசுப்பு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. "அவ இஷ்டம் அண்ணாச்சி. அடுத்த வருசம் பாப்போம்" என்று பிரசிடெண்டிடம் சொன்னார். மெம்பர்கள் எல்லாரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மனுஷன்னா இவர்தான் மனுஷன் என்றார்கள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

சும்மா இருந்தார் என்று சொல்ல மாட்டேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொன்னார். ஆபீஸில் சண்டை போட்டு பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்து தன் கையால் வாறுகால் ஓரம் தூவினார். மனைவி கோமதித்தாயை விட்டுப் பெண்களிடம் சொல்லச் சொன்னார். சனங்களும் கொஞ்ச நாள் காய்ச்சினார்கள். பிறகு விறகு யார் தருவார்கள்? சோறு பொங்குகிற விறகுக்கே திண்டாடுகிற வீட்டில் குடிக்கிற தண்ணீருக்கென்று தனியாக அடுப்பு எரியுமா? விட்டுவிட்டார்கள்.

ஆனி மாதத்தில் ரோடு போட்டார்கள். நல்ல ரோடுதான், கறுப்பாக, கேட் வரைக்கும் ஒரு மேடு பள்ளம் இல்லாமல் கிடந்தது. தபசுக்கு பஸ்கள் வரிசையாக வந்தன. பிரசிடெண்ட் ரோட்டோரம் தண்ணீர்ப் பந்தல் போட்டுத் தானே டம்ளரில் மோந்து கொடுத்தார். வருகிற கூட்டத்துக்குத் தண்ணீர் போதாமல், தெருக்களுக்குப் போகிற வால்வை அடைத்து எல்லாத் தண்ணீரையும் ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்கள். திருவிழா நாட்கள் பூராவும் விசைத்தறித் தெருக் குழாய் காலியாகக் கிடந்தது. வாறுகால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்து வால்வைத் திறந்த அன்று, தண்ணீரைக் கண்டு அத்தனை நாளாயிற்றே என்று பெண்கள் முதல் குடத்தைக்கூடக் கீழே கொட்டாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாளே வாந்திபேதி ஆரம்பித்தது. முதலில் இரண்டு வீடு, அப்புறம் வரிசையாக வீடுகள். தறி ஓடுகிற சத்தம் நின்றுபோனதை வைத்துத்தான் மற்றத் தெருக்காரர்களுக்கே விஷயம் தெரிந்தது.

காலையில் நான் பேப்பர்க் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது சங்கரசுப்பு கடைக்கு ஓடிவந்து, சாவிகூட எடுக்காமல் பூட்டை ஸ்பானரால் உடைத்து, கேரியர் பெரிதாக இருந்த ஒரு வாடகைச் சைக்கிளை இழுத்துக்கொண்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் பின்னால் பேச்சியை உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தார். பேச்சியின் மடியில் அன்னக்கிளி. துணி மொத்தமும் நனைந்திருந்தது. நானும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். புது ரோட்டில் சைக்கிள் குலுங்காமல் போயிற்று. சங்கரசுப்பு மூச்சிரைக்க, "இந்தா வந்துட்டோம் தாயி, இந்தா வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். பேச்சி பிள்ளையின் கண்ணை மூடவிடாமல் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. உடம்பில் இருந்த ஈரமெல்லாம் வடிந்துபோயிருந்தது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அந்த வாரம் அந்தத் தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகளும் தறி வேலை பார்த்த ஒரு கிழவரும் போனார்கள். சங்கரசுப்புதான் ஒவ்வொரு வீட்டிலும் முன்னால் நின்றார். குழி வெட்ட ஆள் வைத்தார், பாடை கட்டினார், தூக்கினார். சாப்பிட்டாரா தூங்கினாரா என்று கோமதித்தாய்க்கே தெரியாது.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்து, பேச்சி வீட்டு வாசலில் நின்று, "ஏட்டி பேச்சி" என்று கூப்பிட்டார். தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சி எழுந்து வந்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"அண்ணாச்சி, அம்மன் என் கையிலதான் குடுத்தா. நீங்க தட்டி விட்டுட்டிய" என்றாள். "நாக்கு அழுகிரும்னு சொன்னிய. எனக்கு ஒண்ணும் ஆவல, பாருங்க. எம்பிள்ளதான் போயிட்டா."

உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். சங்கரசுப்பு வாசலிலேயே நின்றார். யாராவது அவரைத் திட்டியிருந்தால் தேவலை. யாரும் திட்டவில்லை. கடைசியில் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ஜீப் வந்தது, பெரிய அதிகாரிகள் வந்தார்கள், மூக்கில் கர்ச்சீப் வைத்துக்கொண்டு வாறுகாலைப் பார்த்தார்கள். இல்லவே இல்லை என்ற பணம் அவசர நிதி என்ற பெயரில் வந்தது. ஆவணி முடிவதற்குள் புதுக் குழாய் போட்டார்கள். பழைய குழாயைத் தோண்டி எடுத்து ரோட்டோரம் போட்டபோது, அதில் விரல் போகிற அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. மாசக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. எடுத்துப் போட யாருக்கும் உத்தரவு இல்லை.

ஊர் சீக்கிரம் மறந்துவிட்டது. தறி ஓட ஆரம்பித்தது. சங்கரசுப்பு கடை திறந்தார், பஞ்சர் ஒட்டினார், வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனார். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. பேச்சி அவரைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவர் பூ வாங்காமலே உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வருவார். தெருக்காரர்கள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. மெம்பர் என்ன செய்வார், அம்மன் வாக்கு அப்படி வந்துவிட்டது என்றார்கள். அது அவருக்குச் சமாதானமாக இருந்ததா, இல்லையா? அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறுவருஷம் திரும்பவும் பட்ஜெட் கூட்டம். திரும்பவும் ஒரு வேலைக்குத்தான் பணம். இந்தத் தடவை ஒரு பக்கம் வடக்குத் தெருத் தண்ணீர்த் தொட்டி. தூண்களில் விரிசல் விட்டு, காரை பெயர்ந்து, கம்பி வெளியே தெரிந்தது. அதன் நிழலில்தான் பால்வாடிப் பிள்ளைகள் விளையாடின. இன்னொரு பக்கம் கோவில் திடலில் கலையரங்கம். கொடைத் திருவிழாவுக்கு நாடகம் போட மேடை இல்லாமல் ஊர் மானம் போகிறதாம். நாலு பேர் செத்த ஊரில், ஒரு வருஷம் முடிவதற்குள், இதற்கும் அதற்கும் சமமாகக் கை தூக்கினார்கள். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி எனக்கு இருந்த நல்ல அபிப்பிராயமும் அன்றோடு போயிற்று.

அய்யாத்துரை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சங்கரசுப்பு எழுந்தார்.

"பூ வேண்டாம் அண்ணாச்சி. தொட்டி விழுந்துரும். அத யாரும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட வேண்டாம், கண்ணாலே தெரியுது."

"அம்மன வேண்டாம்னு நீரா வே சொல்லுதீரு?" என்று பிரசிடெண்ட் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். மெம்பர்கள் முணுமுணுத்தார்கள். போன வருஷம் உங்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று கலையரங்கக்காரர் ஒருவர் கேட்டார். சங்கரசுப்பு எவ்வளவோ பேசிப் பார்த்தார். கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம். ஓட்டு மாறவில்லை. முடிவில் அய்யாத்துரை அவர் தோளைத் தட்டி, "அம்மன் வாக்க மறுபேச்சு இல்லாம ஏத்துக்கிட்ட மனுசன் நீரு. இந்தத் தடவையும் பூ ஒம்ம கையாலயே வாங்கிட்டு வாரும். அப்பத்தான் ஒருத்தனும் வாய் பேச மாட்டான்" என்றார். கௌரவம் செய்வதாக நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கரசுப்பு என் கடைக்கு வந்து, "கூட வாரும் வே" என்றார். கோவில் வாசலில் பேச்சியின் கூடைக்கு முன்னால் போய் நின்றார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"பேச்சி" என்றார். "தொட்டிக்குச் செவப்பு. ரெண்டுலயும் செவப்பே வையி."

பேச்சி திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நான் அந்த இடத்தை விட்டுப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

"இப்ப வந்து கேக்கியளா?" என்றாள்.

"வடக்குத் தெருப் பிள்ளைக அந்தத் தொட்டிக்கு அடியிலதான் வெளையாடுது."

"எம்பிள்ளையும்தான் வெளையாடுனா."

அவர் கையைக் கூப்பப் போனார் என்று நினைக்கிறேன், பாதியில் தொங்கவிட்டுவிட்டார். பேச்சி கூடையிலிருந்து இரண்டு செவ்வரளியை எடுத்து, இரண்டு இலையில் வைத்து, நாரால் கட்டினாள். அவர் காசை நீட்டினார்.

"வேண்டாம்" என்றாள். "இதுக்கு நான் காசு வாங்க மாட்டேன்."

பூசாரி தட்டைக் குலுக்கினார். அதே பேத்திதான், ஒரு வருஷத்தில் கொஞ்சம் வளர்ந்திருந்தாள். எடுத்தாள், பிரித்தார், சிவப்பு. மற்றப் பொட்டலத்துக்குப் பிரசிடெண்ட், "எங்க வீட்டுல பூசைக்கு வைப்பாவ, கொண்டாரும்" என்று கையை நீட்டினார். வீட்டில் பிரித்தால் அதிலும் சிவப்பு. சங்கரசுப்பு குனிந்து அதை எடுத்து, வாசலில் நின்ற பேச்சியின் கூடையில் போட்டார். "அம்மன் வேண்டாம்னு ஒதுக்குனது அண்ணாச்சி. வீட்டுக்குக் கொண்டுபோவக் கூடாது" என்றார். நான் அறிந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்.

"பாத்தியளா, அம்மனுக்கு இவருமேல ஒரு கண்ணு" என்று அய்யாத்துரை எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "போன வருசம் சோதிச்சா, இந்த வருசம் குடுத்துட்டா."

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுந்து கும்பிட்டார்கள். சங்கரசுப்பு நின்றுகொண்டே இருந்தார். அம்மன் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. பூசாரி திருநீறு நீட்டியபோது பார்க்காத மாதிரி வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கோவிலுக்கும் போகவில்லை, சங்கரன்கோவிலில் ஆடிச்சுற்றும் சுற்றவில்லை. அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்டவர்களிடம் முடியாது என்றுவிட்டார். கோமதித்தாய் அவருக்கு என்னவோ செய்வினை என்று நினைத்துக்கொண்டு எங்கெங்கோ போய்க் கயிறு மந்திரித்து வந்தாள்.

அன்று கோவிலை விட்டு வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொட்டி இடிந்து நாலு பிள்ளைகள் செத்துத்தான் ஆகவேண்டும் என்று இல்லாமல் ஒரு தடவையாவது தப்பித்தோமே. "நல்ல காரியம் செஞ்சீரு வே. மனசக் கஷ்டப்படுத்திக்கிடாதீரும்" என்றேன்.

"இத போன வருசமே செஞ்சிருந்தா அம்மனுக்கு மட்டும்தான் வே நான் துரோகி" என்றார். "இப்ப அந்தப் பிள்ளைக்கும்."

சைக்கிளை எடுத்தார். ஏறாமல் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனார்.